போர்க் 26 வயதில் ஏன் நிறுத்தினார்? வந்த கேள்விகளும் என் பதில்களும்

ஸ்வீடன் டென்னிஸ் வீரர் பியோன் போர்க் அமெரிக்காவின் ஜான் மெக்கன்ரோவை ஜெயித்த 1980 விம்பிள்டன் இறுதி ஆட்டம் பற்றிப் போன வாரம் நாலு வரி எழுதப்போய்க் கேள்விகள் குவிந்துவிட்டன. நான் ஆட்டக்காரன் இல்லை. சென்னையில் முப்பது வருஷமாக ராக்கெட்டுக்கு கட்டிங் போடுகிறவன் (குடிக்கிற கட்டிங் இல்லை, நரம்பு கட்டுகிற கட்டிங்). தெரிந்ததைச் சொல்கிறேன்.

மதுரைக்காரன்: மெக்கன்ரோவுக்குப் பயந்துதானே போர்க் ஓடினார்?

இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இருவரும் 14 முறை மோதி ஆளுக்கு 7 வென்றிருக்கிறார்கள். 1981-இல் விம்பிள்டன், அமெரிக்க ஓப்பன் இரண்டிலும் மெக்கன்ரோவிடம் தோற்றது உண்மைதான். ஆனால் அதற்கப்புறம் நடந்ததை யாரும் சொல்வதில்லை. 1982-இல் போர்க் ஆட்டத்தைக் குறைத்துக்கொண்டு மூச்சு விட நினைத்தார். வருஷத்துக்குக் குறைந்தது 10 கிராண்ட் ப்ரீ (அந்தக் காலத்து ஆண்கள் டென்னிஸ் தொடர்) போட்டிகள் ஆடு, இல்லையென்றால் தகுதிச் சுற்றில் வரிசையில் நில் என்றது நிர்வாகம். ஐந்து முறை தொடர்ந்து விம்பிள்டன் ஜெயித்தவர் மான்டே கார்லோவில் தகுதிச் சுற்று ஆடினார், காலிறுதியில் யானிக் நோவாவிடம் தோற்றார். 1983 ஜனவரியில் போதும் என்று அறிவித்துவிட்டார். பதினைந்து வயதிலிருந்து ஹோட்டல், கோர்ட், ஹோட்டல் என்றே ஓடிய ஆள், சலிப்பு வராதா?

சேலம் அம்மா: பையனுக்கு 9 வயது. ராக்கெட் நரம்பை எத்தனை பவுண்டு இறுக்கத்தில் போடலாம்?

45 போதும். பாலியஸ்டர் நரம்பு வேண்டவே வேண்டாம், முழங்கை போய்விடும்.

டிராப்ஷாட்: போர்க் 80 பவுண்டு இறுக்கத்தில் ஆடினார் என்பது நிஜமா?

நிஜம், இது என் பேட்டை. அந்த டோனே கம்பெனி மர ராக்கெட்டில் நரம்பு விறைத்து நிற்கும். ராத்திரி ஹோட்டல் அறையில் தூங்கும்போது தானாகவே 'டங்' என்று அறுந்து சத்தம் கேட்குமாம், பயிற்சியாளர் பெர்கெலின் எழுந்து எந்த ராக்கெட் போனது என்று தேடுவாராம். நான் ஒருமுறை ஆசைப்பட்டுப் பழைய மர ராக்கெட் ஒன்றில் 70 ஏற்றினேன். மெஷினிலிருந்து கழற்றி மேஜையில் வைத்து டீ குடித்து வருவதற்குள் அதன் தலை அப்பளம் மாதிரி கோணிக் கிடந்தது. நீங்கள் யாரும் 80 கேட்டு வராதீர்கள்.

மெக்கன்ரோ பக்தன்: மழுப்பாதீர்கள். 1981 அமெரிக்க ஓப்பனில் பரிசளிப்புக்குக்கூட நிற்காமல் போனாரே, அது பயம் இல்லையா?

கோபம் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். அந்த ஊரில் அது அவருக்கு நாலாவது இறுதித் தோல்வி. 1976, 78-இல் ஜிம்மி கானர்ஸ், 80, 81-இல் உங்கள் தலைவர். பயந்தவன் 1980 விம்பிள்டனில் நாலாவது செட் டைபிரேக்கை (செட் 6-6 என்று சமமாக நின்றால் முடிவுக்காக ஆடுவது) 18-16 என்று பறிகொடுத்த பிறகு ஐந்தாவதை 8-6 என்று எடுப்பானா?

கோவை லெப்டி: ஓய்வுக்குப் பிறகு நிம்மதியாக இருந்தாரா?

எங்கே. தன் பெயரில் தொடங்கிய துணி வியாபாரம் 80-களின் கடைசியில் நொடித்தது. 1991-இல் எல்லோரும் கிராஃபைட் ராக்கெட்டுக்குப் போய்ப் பல வருஷம் ஆன பிறகு, இவர் அதே மர ராக்கெட்டோடு மான்டே கார்லோவுக்குத் திரும்பி வந்து ஜோர்டி அரேஸேயிடம் 6-2, 6-3 என்று தோற்றார். 1993 வரை முயன்றும் ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. பந்து அடிப்பதைத் தவிர வேறு எதையும் கற்க நேரம் கிடைக்காத பையனை 26 வயதில் ஊருக்குள் விட்டால் அப்படித்தான் ஆகும். பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு அகாடமியில் சேர்க்கும் அப்பாக்களிடம் இதை நான் சொல்லாத நாளே இல்லை.

நுங்கம்பாக்கம் நைனா: நம் விஜய் அமிர்தராஜ் அவரை ஜெயித்திருக்கிறாரா?

1974 அமெரிக்க ஓப்பனில் ஜெயித்தார். 1979 விம்பிள்டனிலும் இரண்டுக்கு ஒன்று என்று செட் முன்னிலையில் இருந்தார், நாலாவது செட் டைபிரேக்கில் நழுவவிட்டார். அந்த ஆட்டத்தை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரியும். ஆனால் வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் விஜய்தான் கெட்டிக்காரர். ஆடும்போதே ஜேம்ஸ் பாண்ட் படத்தில் நடித்தார், அப்புறம் வர்ணனைக்குப் போனார், 2024-இல் டென்னிஸ் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் நியூபோர்ட் ஹால் ஆஃப் ஃபேமிலும் இடம் கிடைத்தது.

ஈரோடு ஏஸ்: பெடரர் பெரியவரா, போர்க் பெரியவரா?

அடுத்த கேள்வி.

வேலூர் வாலி: எனக்கு 38 வயது. எத்தனை பவுண்டு...

மேலே சேலம் அம்மாவுக்குச் சொன்னதைப் படியுங்கள் ஐயா. உங்களுக்கு 50. ராக்கெட்டை வெயிலில் காருக்குள் போட்டுவிட்டுப் போகாதீர்கள்.

மெக்கன்ரோ பக்தன்: கடைசியாக ஒன்று. தன் விம்பிள்டன் கோப்பைகளையே விற்கப் பார்த்த ஆளுக்கு இவ்வளவு வக்காலத்தா?

2006-இல் ஐந்தையும் ஏலத்துக்குக் கொடுத்தார், உண்மை. விஷயம் கேள்விப்பட்டு, உனக்கென்ன பைத்தியமா என்று போன் போட்டவர் யார் தெரியுமா? உங்கள் மெக்கன்ரோ. ஏலத்திலிருந்து கோப்பைகள் திரும்பிவிட்டன. இன்னும் சண்டை போட வேண்டும் என்றால் கடைக்கு வாருங்கள், டீ சொல்கிறேன்.

திருச்சி டாப்ஸ்பின்: அண்ணே, 55 போடலாமா?

52.