பணக்காரி என்றால் கெட்டவளா?

கேள்வி: நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். புதுச்சேரியில் சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்) குடும்பத்துப் பெண் ஒருத்தி: வசதி, அழகு, திமிர். அவளுடைய மாமன் மகள் கடலூர் முதுநகரில் தையல் மிஷின் மிதிப்பவள்: சுமாரான முகம், தங்கமான குணம். படித்துப் பார்த்த தோழி, "சீரியல் மாதிரி இருக்குடி" என்கிறாள். பணக்காரியை நல்லவளாக மாற்றிவிடவா? – வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: வேண்டாம். அதே சீரியலைத் திருப்பிப் போட்டது போலத்தான் இருக்கும்.

நீங்கள் அனுப்பிய இரண்டு அத்தியாயங்களில் எனக்குப் பிடித்தது ஒரே ஒரு வரி. தாத்தாவின் பிரெஞ்சு பென்ஷன் தொடர்ந்து வர, அவர் உயிரோடு இருப்பதாகச் சான்று வாங்கவேண்டும். பேத்தி அவரை ஆட்டோவில் அழைத்துப் போகிறாள். அதை அப்படியே விட்டுவிட்டு அவளுடைய நகைக்கும் புடவைக்கும் ஒன்றரைப் பக்கம் செலவழித்திருக்கிறீர்களே! அந்த வீட்டின் வசதி ஒரு கிழவரின் மூச்சில் தொங்குகிறது, அம்மா. பேத்தி அவருக்கு நகம் வெட்டிவிடட்டும், கஞ்சி ஆற்றிக் கொடுக்கட்டும். பாசமா, பென்ஷனா? அவளுக்கே தெரியவேண்டாம்.

தையல்காரி எல்லாருக்கும் அள்ளிக் கொடுக்கிறாள், ஒரு தடவைகூடக் கணக்குப் பார்ப்பதில்லை. ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக் கூலி வாங்குகிறவள் அப்படி இருப்பாளா? யாரோ தைக்கக் கொடுத்த பட்டுத்துணியில் கால் மீட்டர் மிஞ்சட்டும். திருப்பிக் கொடுப்பாளா, தங்கச்சி பாவாடைக்கு பார்டர் வைப்பாளா? அதை எழுதுங்கள், அவள் குணத்தைத் தனியாகச் சொல்லவே வேண்டியிருக்காது.

சிலப்பதிகாரத்தைக் கொஞ்சம் புரட்டுங்கள். கண்ணகி ஏழை இல்லை. புகாரின் பெருவணிகன் மாநாய்கன் மகள். அழகிலும் குறையில்லை. மாதவியின் மாலை விலை 1008 கழஞ்சு பொன்; அதற்காக இளங்கோ அவளைக் கெட்டவளாக்கிவிடவில்லை. பொருளெல்லாம் தொலைத்துவிட்டு வெட்கத்தோடு வந்து நிற்கும் கோவலனிடம் கண்ணகி சிரித்த முகமாக, "சிலம்புள கொண்ம்" என்கிறாள். மாதவிக்குக் கொடுக்கத்தான் பொருள் இல்லாமல் தவிக்கிறான் என்று நினைத்து அவள் அப்படிச் சொன்னதாக உரை சொல்வார்கள். எத்தனை முறை படித்தாலும் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிபடுவதில்லை. மாதவியின் ஓலையை மதுரைக்கு வெளியே வாங்கிப் படிக்கிற கோவலனோ, தப்பு அவளுடையது இல்லை, தன்னுடையதுதான் என்று தெளிகிறான். இரண்டு பெண்களில் ஒருத்தியும் வில்லி இல்லை. அதனால் கதை நின்றுவிடவில்லையே!

சரி, அழகு. 'பேரழகி' என்று ஏழு இடத்தில் வருகிறது. ஆறை வெட்டிவிடுங்கள். வீட்டுக் கார் பழுதான ஒருநாள் அவளைக் கடலூர் பஸ்ஸில் ஏற்றுங்கள். கண்டக்டர் கூட்டத்தில் புகுந்து வந்து அவளுக்கு மீதிச் சில்லறை கொடுக்கட்டும். பக்கத்தில் நிற்கும் தையல்காரி, டிக்கெட்டின் பின்னால் எழுதி வாங்கிய ஒன்பது ரூபாய்க்காக இறங்கும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

அப்புறம், தேவனாம்பட்டினம் கடற்கரையில் சூரியன் கடலுக்குள் மறைவதாக எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் சினிமா பார்த்த பழக்கம். மஞ்சக்குப்பத்தில் இருந்துகொண்டு இப்படி எழுதலாமா? நம் கடலில் அது உதிக்கத்தான் செய்யும்.