பாலக்காட்டுச் சித்தூரில் 'சரிங்க' சொல்லும் முன்

தம்பி, உடுமலையில இருந்து சித்தூருக்குக் குடிவந்து ஒரு மாசம்தான் ஆகுது, அதுக்குள்ள திருவிழாவுக்குப் பணம் கேட்டு ரசீது புக்கோட வந்துட்டாங்க, நாங்க சபைக்குப் போறவங்க, மாட்டேன்னா 'பாண்டி'ன்னு (தமிழங்களை இங்க இளப்பமா சொல்ற பேரு) ஒதுக்கிடுவாங்களான்னு கேட்டிருந்தீங்க.

ஒதுக்க மாட்டாங்க. நான் பொள்ளாச்சிக்காரன், இங்க வந்து 19 வருஷமாச்சு. உங்ககிட்டக் கேட்கறது கொங்கன்படைங்கற திருவிழாவுக்கு. கும்ப மாசம், நம்ம மாசியில, பகவதி கோயில்ல நடக்கும். படையெடுத்து வந்த கொங்குக்காரங்களை விரட்டின கதையைத்தான் கொண்டாடறாங்க! முதல் வருஷம் பிரிவுக்கு வந்தப்ப (இங்க வசூலுக்குப் பேரு பிரிவு), "தோத்தவங்களும் நாங்க, காசும் நாங்களா சேட்டா?"ன்னேன். சிரிச்சுட்டு உள்ள வந்து சாயா குடிச்சாங்க. காசையும் வாங்கிட்டுத்தான் போனாங்க.

நான் மாட்டினது வாயை மூடிட்டு இருந்த இடத்துல. ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் கூட்டத்துல ஸ்பீக்கர் எங்க கட்டறதுன்னு பேச்சு. நம்ம பழக்கத்துல "சரிங்க, சரிங்க"ன்னு தலையாட்டிட்டு இருந்தேன். காதுல விழுதுங்கற அர்த்தத்துல. அவங்களுக்கு 'ஷரி'ன்னா சம்மதம். மறுநாள் பார்த்தா குழாய் ஸ்பீக்கர், அம்மா படுத்திருந்த ஜன்னலுக்கு நேரா. செக்ரட்டரிகிட்டத் தெருவுல நின்னு கத்தினேன். அவர் பேசாம மினிட்ஸ் நோட்டை விரிச்சார். 'ஐககண்ட்யேன', அதாவது ஏகமனதா. கீழ என் கையெழுத்து. அப்ப எனக்கு மலையாளம் படிக்கத் தெரியாது.

பக்கத்து வீட்டு மாஷ்தான் (வாத்தியார்) வழி சொன்னார்: 'வியோஜனக்குறிப்பு'. ஒத்துக்காதவர் காரணத்தை எழுதி மினிட்ஸ்ல சேர்க்கச் சொல்றது. இங்க அதை யாரும் பகையா எடுத்துக்கறதில்ல. அடுத்த வருஷம் மாஷ் எழுத, நான் கொடுத்தேன். அம்மா உடம்பு, ராத்திரி 10 மணிக்கு மேல ஒலிபெருக்கி கூடாதுங்கற 2000ஆம் வருஷத்து விதி, ரெண்டும் அதுல. (விசேஷ நாளுக்கு அரசு 12 மணி வரை விடலாம், அது வேற.) ஸ்பீக்கரைக் கழட்டல, எதிர்ப்பக்கம் திருப்பினாங்க. அது போதும்னு விட்டேன்.

அதனால நீங்க, "கோயில் பிரிவு நாங்க கொடுக்கறதில்ல சேட்டா, தெருவிளக்குக்கோ சாக்கடைக்கோ எங்க பங்கை வாங்கிக்கங்க"ன்னு முகத்துக்கு நேரா சொல்லிடுங்க. 'நாளைக்கு வாங்க'ன்னு நாலு தடவை நடக்க விட்டா அதைத்தான் மனசுல வெச்சுக்குவாங்க. அவங்க "நோக்காம்"னு, அதாவது பார்க்கலாம்னு, இழுத்தா, பெரும்பாலும் நடக்காதுன்னு எடுத்துக்கங்க. நோட்டைப் படிச்சுக் காட்டச் சொல்லாம கையெழுத்துப் போடாதீங்க.

வீட்டுல அவங்களைக் குடும்பஸ்ரீ அயல்கூட்டத்துல (அக்கம்பக்கத்துப் பெண்களோட சுய உதவிக் குழு) சேரச் சொல்லுங்க. வாரம் ஒருக்கா கூடுவாங்க. தெருவுல யாருக்கு யாரோட பேச்சு இல்லைங்கறது அங்க ரெண்டே வாரத்துல தெரிஞ்சுடும்.