கூமுட்டை ஏப்பம்: பாவம், முட்டை என்ன பண்ணுச்சு?

கேள்வி: டாக்டர், எங்க வீட்டுக்காரருக்கு 49 வயசு, 12 வருஷமா சுகர். ரெண்டு மாசமா ஏப்பம் விட்டாருன்னா கூமுட்டைய உடைச்ச மாதிரி நாத்தம், பைக்ல பின்னாடி உக்கார முடியல. முட்டைய அடியோட நிறுத்திட்டேன், அப்பவும் போகல. தினமும் ஃப்ரூட் சால்ட் பாக்கெட்ட தண்ணில கொட்டி குடிக்கிறார். ராத்திரி தின்ன புரோட்டா சால்னா வாசம் காலைல ஏப்பத்துல அடிக்குதாம். அல்சரா இருக்குமா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அந்த சால்னா வாசத்துலதாம்மா விஷயமே இருக்கு. நாத்தத்துக்குக் காரணம் ஹைட்ரஜன் சல்ஃபைடுங்கற வாயு. முட்டை, கறி, மீன், முட்டைக்கோஸ், பூண்டு இதுல எல்லாம் கந்தகம் இருக்கு, கிருமிங்க அத உடைக்கும்போது இந்த வாயு வரும். ஆனா முட்டை தின்ன எல்லாருக்குமா இப்படி நாறுது? சாப்பாடு வயித்துலயே ரொம்ப நேரம் கெடந்து ஊறுனா நாத்தம் ஜாஸ்தி ஆகும். சாதாரணமா 4 மணி நேரத்துல பெரும்பாலும் இரைப்பைய விட்டு எறங்கிடணும், இவருக்கு விடியற வரைக்கும் அங்கேயே குடியிருக்குன்னா இரைப்பை மெதுவா வேலை செய்யுதோன்னுதான் எனக்கு சந்தேகம். சுகர் பல வருஷமா இருந்தா கால் மரத்துப்போற மாதிரியே இரைப்பைய அசைக்கிற வேகஸ் நரம்பும் பாதிக்கும், கேஸ்ட்ரோபாரெசிஸ்னு சொல்லுவோம். நாலு இட்லி சாப்பிடற மனுஷன் ரெண்டுலயே போதும்ங்கறாரா, சாப்ட்ட கொஞ்ச நேரத்துல சுகர் கொறஞ்சு படபடன்னு வருதா, கவனிங்க. சுகருக்குப் போடற செமாகுளுடைட் மாதிரி வாரம் ஒரு ஊசி புதுசா ஆரம்பிச்சிருந்தா அதுவும் இதே வேலைய பண்ணும், ஆனா நீங்களா நிறுத்தாதீங்க, எழுதிக் குடுத்தவர்கிட்ட சொல்லுங்க.

அந்த பாக்கெட்டுல சோடா உப்பு இருக்கு, அது ஆசிட்டோட சேந்து கார்பன் டை ஆக்சைடு ஆகி இன்னொரு ஏப்பமாத்தான் வெளிய வரும், அவருக்கு வயிறு லேசான மாதிரி இருக்கும், அவ்ளோதான்.

முதல்ல எண்டோஸ்கோபி, ஏன்னா இரைப்பைக்குக் கீழ அடைப்பு இருந்தாலும் பழைய சாப்பாட்டு வாசம் வரும். அல்சரும் அதுலயே தெரிஞ்சிடும். அல்சர வரவைக்கிற ஹெச்.பைலோரி கிருமிக்கும் டெஸ்ட் எடுப்பாங்க, பேன்டோப்ரசோல் மாதிரி கேஸ் மாத்திரை போடறவரா இருந்தா 2 வாரம் முன்னாடியே நிறுத்தணும், இல்லேன்னா கிருமி இருந்தும் இல்லேன்னு ரிசல்ட் வந்துடும் (இத சொல்லாம விட்டு எத்தனையோ பேர் ரெண்டாவது தடவை காசு கட்டுறாங்க). அதுவரைக்கும் ராத்திரி சாப்பாட்ட 7 மணிக்குள்ள கொஞ்சமா, இட்லி, ரசம் சாதம்னு எண்ணெய் கம்மியா குடுங்க, சாப்ட்டதும் படுக்க விடாம தெருவுல ஒரு நட நடக்க வைங்க. புரோட்டா கொஞ்ச நாளைக்கு வேண்டாம், முட்டை ஒண்ணு மதியம் சாப்பிடட்டும். எடை கொறைஞ்சாலோ, தார் மாதிரி கறுப்பா வெளிய போனாலோ, நேத்து தின்னது அப்படியே வாந்தில வந்தாலோ, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்.

கேள்வி: சார், ஃப்ரெண்ட்ஸோட மலைக்கு ட்ரெக்கிங் போயி ஓடைத் தண்ணி குடிச்சோம். பத்து நாள் கழிச்சு இதே நாத்த ஏப்பம், கூடவே லூஸ் மோஷன், எண்ணெய் பிசுக்கா மெதக்குது.
- கல்லூரி மாணவர், கோவை

பதில்: ஜியார்டியாவா இருக்கலாம் தம்பி, அசுத்தமான தண்ணில வர்ற ஒட்டுண்ணி, குடிச்சு 1-2 வாரம் கழிச்சுதான் வேலைய காட்டும். மோஷன் டெஸ்ட் குடு, ஒரு தடவை இல்லேன்னு வந்தா விட்டுடாத, அது தினமும் வெளிய வராது, வேற வேற நாள்ல மூணு சாம்பிள் பாக்கணும். டெஸ்ட்ல வந்துட்டா சில நாள் மாத்திரைல சரியாகிடும், மெடிக்கல் ஷாப்ல கேட்டு நீயா வாங்கிப் போடாத. டாய்லெட் போயிட்டு சோப்பு போட்டு கை கழுவு, வீட்ல மத்தவங்களுக்கும் ஒட்டும். கூட வந்தவனுங்கள்ல வேற யாருக்கு வயிறு சரியில்லன்னும் கேட்டுக்கோ, வெக்கத்துல சொல்லாம இருப்பானுங்க.