மானியம் கூடியும் கையில் காசில்லையா?

கேள்வி: அட்லாண்டாவில் கர்ப்பிணிகளுக்கு உதவும் ஒரு தொண்டு நிறுவனத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். 14 மாதங்களுக்கு முன் முதன்முறையாக ஒரு கறுப்பினப் பெண்மணி இயக்குநரானார். மானியங்கள் கூடியிருக்கின்றன, ஆனால் கையில் காசில்லை. ‘நிதி திரட்டத் தெரியவில்லை’ என்று குழுவில் முணுமுணுக்கிறார்கள். அடுத்த மாதம் அவருக்குப் பணி மதிப்பீடு. நான் என்ன கேட்க வேண்டும்?

பதில்: மானியம் கூடியும் காசில்லை என்கிறீர்களே, கோளாறு அங்கேதான் இருக்கிறது. ஒரு திட்டத்தின் நேரடிச் செலவு 1 லட்சம் டாலர் என்று வையுங்கள். வாடகை, கணக்காளர், காப்பீடு, இயக்குநரின் நேரம் என்று அதன் தலையில் விழுவது இன்னொரு 28,000. கொடுப்பவரோ நிர்வாகச் செலவுக்கு 10 சதவீதம்தான் என்கிறார். 10,000 வருகிறது, 18,000 துண்டு விழுகிறது. இப்படி ஐந்து மானியம் வாங்கினால் பள்ளம் 90,000. இயக்குநர் ஓடியாடி வாங்க வாங்க நிறுவனம் இளைக்கும். அமெரிக்க மத்திய அரசே தன் மானியங்களில் நிர்வாகச் செலவுக்கான இந்த அடிப்படை விகிதத்தை 2024 அக்டோபரில் 10-லிருந்து 15 ஆக்கியது. அதுவும் உங்கள் 28-க்குப் போதாது. எனவே முழுச் செலவைக் காட்டாத எந்த விண்ணப்பமும் வெளியே போகக் கூடாது என்று குழு தீர்மானம் போடட்டும். இது இயக்குநர் தனியாக எடுக்கக்கூடிய முடிவல்ல.

இது உங்கள் நிறுவனத்தின் கதை மட்டுமல்ல. புதிய சமூக முயற்சிகளுக்கு நிதி தரும் எக்கோயிங் கிரீன், தொண்டு நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும் பிரிட்ஜ்ஸ்பேன் இரண்டும் சேர்ந்து 2020-இல் வெளியிட்ட ஆய்வில், கறுப்பினத்தவர் தலைமையிலான நிறுவனங்களின் வருமானம் வெள்ளையர் தலைமையில் இருப்பவற்றைவிட 24 சதவீதம் குறைவு. எதற்கு வேண்டுமானாலும் செலவழிக்கக்கூடிய நிபந்தனையற்ற நிகர சொத்தோ 76 சதவீதம் குறைவு. இரண்டாவது எண்ணைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். சம்பளத் தேதியில் கைகொடுப்பது அந்தப் பணம்தானே! இவருக்கு ஓராண்டு, ஒரு திட்டம், கூடவே நாலு அறிக்கை என்று கொடுப்பவர்களிடம், மூன்றாண்டுக்கான பொதுச் செலவு மானியம் கேளுங்கள். குழுத் தலைவரும் உடன் போய்க் கேட்க வேண்டும்.

அடுத்து, கடந்த மூன்றாண்டில் அதிகம் கொடுத்த 20 பேரின் பட்டியலை எடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, முன்பு அவரிடம் கேட்டது யார், புதிய இயக்குநர் நேரில் சந்தித்தாரா, யார் அறிமுகம் செய்தார் என்று எழுதுங்கள். கடைசிக் கட்டம் காலியாகவே இருந்தால் தவறு உங்கள் குழுவுடையது. பெரிய தொகை கேட்பது சம்பந்தம் பேசுவது மாதிரி. இருவருக்கும் தெரிந்த ஒருவர் கூடப் போய் உட்கார வேண்டும். மின்னஞ்சல் அறிமுகம் எடுபடாது. உட்கார்ந்தாலும் காசோலை வர ஓராண்டு, சில சமயம் ஒன்றரை ஆண்டுகூட ஆகும்.

இயக்குநர் கொண்டுவரும் தொடர்புகளையும் குழு கணக்கில் எடுத்திருக்கிறதா? கறுப்பினப் பெண்கள் கொடுத்துப் பழகியவர்கள். மிசிசிப்பியில் துணி துவைத்தே பிழைத்த ஒசியோலா மெக்கார்ட்டி 1995-இல் 1,50,000 டாலரைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தார். தேவாலயங்கள், 1908-இலும் 1913-இலும் தொடங்கிய ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா, டெல்டா சிக்மா தீட்டா போன்ற கறுப்பினக் கல்லூரிப் பெண்களின் சங்கங்கள் எல்லாம் உங்கள் ஊரிலேயே இருக்கின்றன. அங்கிருந்து 200 பேர் மாதம் 25 டாலர் கொடுத்தால் ஆண்டுக்கு 60,000. நிபந்தனை கிடையாது. மேலே சொன்ன பள்ளத்தில் மூன்றில் இரண்டு பங்கு நிரம்பிவிடும். இதைச் சில்லறை என்று ஒதுக்கும் குழுக்கள் உண்டு. நிதி திரட்ட நடத்தும் காலா விருந்தில் மேசைக்கும் பூவுக்கும் போனது போக மிஞ்சுவதை எண்ணிப் பார்த்தால் பேச்சு மாறும்.

‘ஃபியர்லெஸ் ஃபண்ட் வழக்குக்குப் பிறகு இனம் பற்றிப் பேசலாமா?’ என்று யாராவது இழுப்பார்கள். அந்த வழக்கு, ஃபியர்லெஸ் ஃபண்ட் என்ற முதலீட்டு நிறுவனம் கறுப்பினப் பெண்களின் தொழில்களுக்கு மட்டும் என்று வைத்த 20,000 டாலர் மானியப் போட்டி பற்றியது. 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தடுத்தது; செப்டம்பரில் சமரசமாகித் திட்டம் மூடப்பட்டது. ஒரு நிறுவனத்தின் இயக்குநர் யார் என்பது அங்கே கேள்வியே இல்லை. நீங்களே இனத்தை நிபந்தனையாக வைத்துத் தாய்மாருக்குப் பணம் கொடுப்பதாக இருந்தால் மட்டும் விதிகளை வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

இன்னொன்று. பழைய இயக்குநரின் சம்பளம், தொண்டு நிறுவனங்கள் ஆண்டுதோறும் வரித் துறைக்குத் தரும் 990 படிவத்தின் ஏழாம் பகுதியில் இருக்கும். மதிப்பீட்டுக்கு முன் இவருடையதோடு வைத்துப் பாருங்கள். குறைவாக இருந்தால், அவர் வாயைத் திறந்து கேட்கும்வரை விட்டுவைக்காதீர்கள்.