தொட்டிலில் புரண்டு கிராதியில் முட்டிக்கொள்ளும் 8 மாதக் குழந்தைக்குச் சுற்றிலும் தலையணை வைக்கலாமா?

வேண்டாம், வைக்காதீர்கள். ஏற்கெனவே வைத்திருந்தால் இன்று ராத்திரிக்குள் எடுத்துவிடுங்கள்.

மகன் ராத்திரி நாலைந்து முறை புரண்டு மூலையில் தலையை இடித்துக்கொள்கிறான், காலைக் கிராதிக்கு வெளியே விட்டுக்கொண்டு அழுகிறான், மாமியார் பழையபடி தூளியிலேயே போடச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். 2018ல் எனக்கும் இதே கவலைதான். மன்னார்குடிப் பக்கம் கிராமம். ஊர் ஆசாரி செய்துகொடுத்த மரத்தொட்டில். மகளுக்கு அப்போது ஏழு மாதம். நெற்றி சிவந்துபோகிறதே என்று மனசு கேட்காமல் நாலு பக்கமும் இலவம்பஞ்சுத் தலையணைகளைச் சாய்த்து நாடா போட்டுக் கட்டினேன்.

நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல். கரண்ட் போய்ப் பல நாள் வரவில்லை. கொசுவுக்குப் பயந்து ஜன்னலையும் சாத்தியிருந்தோம். ஒரு ராத்திரி பனைவிசிறியால் விசிறிக்கொண்டே கண் அசந்துவிட்டேன். விழித்து டார்ச் அடித்துப் பார்த்தால், தலையணைக்கும் மெத்தைக்கும் நடுவில் இருந்த பள்ளத்தில் முகத்தைப் புதைத்துக் கிடக்கிறாள். வாரித் தூக்கினேன். முகமெல்லாம் வேர்வை, தலைமுடி நனைந்திருந்தது. கொஞ்சம் கழித்துத்தான் அழுதாள். விடியும்வரை மடியைவிட்டு இறக்கவில்லை. காலையில் முதல் வேலையாகத் தலையணைகளை அவிழ்த்தேன்.

குழந்தை தன் வேகத்தில் புரண்டு முட்டினால் சிவக்கும், மிஞ்சிப்போனால் லேசாக வீங்கும். கால் மாட்டிக்கொண்டால் அழுவான், நாம் எழுந்து எடுத்துவிடலாம். மூக்கும் வாயும் பஞ்சில் அழுந்தினால் அழுகைச் சத்தம்கூட வெளியே வராது. கிராதியைச் சுற்றிக் கட்டவென்று கடையில் விற்கும் பஞ்சு வைத்த தொட்டில் பம்பருக்கும் இதே கதிதான். அமெரிக்காவில் 2022ல் அதன் விற்பனையையே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள்.

தொட்டிலுக்குள் என்னதான் இருக்கலாம்? கெட்டியான, சமமான மெத்தை, அதன்மேல் இழுத்துச் செருகிய பருத்தி விரிப்பு. அவ்வளவுதான். போர்வை, பொம்மை, தலை உருண்டையாக வரும் என்று நம் வீடுகளில் வைக்கும் கடுகுத் தலையணை, எதுவும் ஒரு வயதுவரை வேண்டாம். புதிதாக அடித்த இலவம்பஞ்சு மெத்தை பெரியவர்களுக்குச் சுகம், குழந்தை அதில் புதைந்துவிடும். நான் தென்னை நார் மெத்தையைத் தொட்டில் அளவுக்கு வெட்டித் தைக்கச் சொன்னேன். ஓரத்தில் இரண்டு விரலுக்கு மேல் இடம் இருந்தால் மெத்தை சின்னது, மாற்றுங்கள்.

கிராதி இடைவெளியையும் இன்றைக்கே அளந்து பாருங்கள். 6 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். டேப் இல்லையென்றால் சாதாரணக் குளிர்பான டின்னை நடுவில் விட்டுப் பாருங்கள். அது நுழைந்துவிட்டால் இடைவெளி அதிகம், உடம்பு நழுவித் தலை மாட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. எங்கள் தொட்டிலில் ஒரு சாணுக்குக் கொஞ்சம்தான் குறைவு! ஆசாரியை மறுபடி கூப்பிட்டு நடுநடுவே கட்டை வைத்து அடைத்தோம். எட்டு மாதம் என்றால் எந்த நாளும் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பான். அடிப்பலகையை இப்போதே கீழே இறக்கிவிடுங்கள். அவன் நிற்கும்போது மேல் கட்டை மார்புக்கு நன்றாக மேலே இருக்க வேண்டும்.

மல்லாக்கப் படுக்க வையுங்கள், பகல் தூக்கத்துக்கும். 1994ல் அமெரிக்காவில் இதை நாடு முழுக்கப் பிரசாரம் செய்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே இறந்துபோகும் குழந்தைகளின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியானது. உங்கள் மகனுக்கு இரண்டு பக்கமும் புரளத் தெரியும் என்பதால், தூக்கத்தில் தானாகக் கவிழ்ந்தால் ராத்திரி முழுக்க உட்கார்ந்து திருப்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. தொட்டில் காலியாக இருந்தால் போதும்.

இனி அவன் ஏன் இப்படிப் புரள்கிறான் என்று பாருங்கள். நம் டெல்டாவில் நான் முதலில் சந்தேகப்படுவது புழுக்கத்தைத்தான். கை கால் சில்லென்று இருக்கிறதே என்று உடுப்பு மேல் உடுப்பு போடுகிறோம். கையைத் தொட்டுப் பார்க்காதீர்கள், பிடரியைத் தொடுங்கள். அங்கே வேர்வை இருந்தால் அவனுக்குச் சூடு. ராத்திரிக்கு மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று போதும், தொப்பி கூடாது. விரிப்புக்கு அடியில் ரப்பர் ஷீட் போட்டிருந்தால் அதுவும் சூட்டைக் கிளப்பும். ஃபேன் ஓடட்டும்.

அடுத்தது கொசு. வயலில் தண்ணீர் கட்டியிருக்கும் மாதங்களில் கேட்கவே வேண்டாம். கொசுவர்த்தியும் சாம்பிராணிப் புகையும் குழந்தை தூங்கும் அறைக்குள் வேண்டாம், மூச்சுக்குழாயை உறுத்தும். ஜன்னலுக்கு வலை அடியுங்கள். தொட்டிலுக்குக் கொசுவலை போட்டால் அவன் கைக்கு எட்டாதபடி உயரத்தில் கட்டி, நாலு பக்கமும் விறைப்பாக வெளிப்பக்கம் இழுத்துவிடுங்கள். உள்ளே தொய்ந்து தொங்கும் வலை முகத்தில் விழும். கழுத்துச் சங்கிலி, கறுப்புக் கயிறு, வசம்பு வளையல் எல்லாவற்றையும் தூங்கும்போது கழற்றிவிடுங்கள். உங்கள் மாமியாருக்கு வருத்தமாக இருக்கும், இருந்தாலும் கழற்றுங்கள்.

தூளி பற்றி. என் மகளும் முதல் மாதங்களில் தூளியில் ஆடியவள்தான், அந்த ஆட்டத்தின் அருமை எனக்குத் தெரியும். ஆனால் துணி குழிந்து உடம்பு வளைந்தால் தாடை நெஞ்சில் முட்டி மூச்சுப் பாதை குறுகும். எட்டு மாதக் குழந்தை எழுந்து உட்கார முயன்றால் தலைகீழாகவும் விழலாம். ராத்திரித் தூக்கத்துக்குத் தூளி வேண்டாம் என்பதில் நான் உறுதி. ஒன்று மட்டும் யோசித்துப் பாருங்கள்: இத்தனை மாதம் ஆட்டத்திலேயே தூங்கியவன், அசையாத மெத்தையில் தானே உடம்பை ஆட்டிப் பார்க்கிறான். என் மகளை அப்படியே விட்டுவிடாமல், கண் சொருகும்போது மெத்தையில் கிடத்தி, மார்பில் கைவைத்து, ஆராரோ பாடிக்கொண்டு மெல்லத் தட்டிக்கொடுப்பேன். பழக இரண்டு வாரம் ஆனது. அப்புறம் என் மாமியாரே தட்டிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

தவழவும் நிற்கவும் கற்கும் வயதில் பிள்ளைகள் தூக்கத்திலும் அதையே செய்து பார்க்கும். சில குழந்தைகள் தூக்கம் வரும்போது தாளம் போட்டதுபோல் தலையை முட்டும், பெரும்பாலும் வளர வளரத் தானாக நின்றுவிடும். தொட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டு ஆணிகளை இறுக்கிவிடுங்கள். பகலில் தரையில் பாய் விரித்து நன்றாகத் தவழ விடுங்கள்.

உரம் விழுந்திருக்கிறது, அதாவது தசை பிசகியிருக்கிறது என்று யாராவது குழந்தையைத் துணியில் போட்டு உருட்டச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். காய்ச்சல், காதைப் பிடித்து இழுப்பது, தினமும் குறட்டை, எடை ஏறாமல் இருப்பது இவற்றில் ஏதாவது இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சு விட்டு விட்டு வந்தாலோ உதடு நீலம் பூத்தாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.