டேனியல் ஜோன்ஸுக்கு 160 மில்லியன் டாலர் கொடுத்தது ஜயண்ட்ஸ் செய்த பெரிய தவறா?

கேட்டவர் மூன்று கேள்விகளை ஒன்றாகக் கேட்டிருக்கிறார். அமெரிக்கக் கால்பந்தில் நியூயார்க் ஜயண்ட்ஸ் அணி 2023-இல் தன் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) டேனியல் ஜோன்ஸுக்கு நான்கு வருடத்துக்கு 160 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டது தவறா? 2024 நவம்பரில் சீசன் பாதியில் அவரை உட்கார வைத்தது நியாயமா? அவர் பணத்தை வாங்கிக்கொண்டு அணியை ஏமாற்றிவிட்டாரா?

பெரிய தவறு 2022-லேயே நடந்துவிட்டது, 2023 அதன் விளைவு என்பது என் கருத்து. அடுத்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் "இல்லை". ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

நான் நியூஜெர்சியில் இருப்பவன். செகாகஸில் ரயில் மாறினால் ஜயண்ட்ஸின் மெட்லைஃப் மைதானம் அடுத்த நிறுத்தம். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு இந்த ஆட்டம் பிடிபட்டதே ஜோன்ஸ் ஆடிய வருடங்களில்தான். அதனால் அவர்மேல் எனக்கு ஒரு பாசம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அவருடைய குறைகளையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

முதலில் குறைகள். ஜயண்ட்ஸ் அணிக்காக அவர் தொடக்க குவாட்டர்பேக்காக ஆடிய ஆட்டங்களில் 24 வெற்றி, 44 தோல்வி, ஒன்று சமன். 70 டச்டவுன் பாஸ் (புள்ளி தந்த எறிதல்), 47 இன்டர்செப்ஷன் (எதிரணி பறித்த எறிதல்). முதல் வருடமான 2019-இல் மட்டும் 18 முறை பந்தைக் கை நழுவ விட்டார். குவாட்டர்பேக் கையில் பந்து வந்ததும் யாருக்கு எறிவது என்று முடிவெடுக்க இரண்டரை வினாடி கிடைத்தால் பெரிய விஷயம். ஜோன்ஸ் அந்த நேரத்தைத் தாண்டியும் முதல் ஆளையே பார்த்துக்கொண்டு நிற்பார். பக்கவாட்டில் ஆள் ஓடிவருவதை உணர மாட்டார். ஐந்து வருடம் கழித்தும் இது முழுதாகச் சரியாகவில்லை.

இனி 2022-க்கு வருகிறேன். புதிய வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டின் முதல் சுற்றில் எடுக்கும் வீரருக்கு நான்கு வருட ஒப்பந்தம்தான் போடுவார்கள். ஐந்தாவது வருடமும் அவர் வேண்டுமா வேண்டாமா என்று மூன்றாவது சீசன் முடிந்த கையோடு அணி சொல்லிவிட வேண்டும். வேண்டும் என்றால் அந்த வருடத்தின் தொகை முழுக்க உத்தரவாதம் ஆகிவிடும். ஜோன்ஸ் 2019-இல் ஆறாவது ஆளாக எடுக்கப்பட்டவர். அவரது ஐந்தாவது வருடத்துக்கு, அதாவது 2023-க்கு, விலை சுமார் 22.4 மில்லியன். ஜயண்ட்ஸ் வேண்டாம் என்றது.

அப்போது அது புத்திசாலித்தனமாகத்தான் தெரிந்தது. அதற்கு முந்தைய சீசனில் அவருக்குக் கழுத்தில் அடி. அதற்கும் முந்தைய சீசனில் 11 டச்டவுனுக்கு 10 இன்டர்செப்ஷன். ஜெனரல் மேனேஜர் ஜோ ஷேனும் தலைமைப் பயிற்சியாளர் பிரையன் டேபோலும் அந்த வருடம்தான் வந்திருந்தார்கள். ஜோன்ஸை எடுத்தது பழைய நிர்வாகம். முன்னவர் வாங்கி வைத்த பொருளுக்கு நாம் ஏன் கூடுதல் காசு கட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது.

ஆனால் 2022 சீசனில் ஜோன்ஸ் ஆடினார். எறிந்து 3,205 யார்டு, 15 டச்டவுன், வெறும் 5 இன்டர்செப்ஷன். எறிந்த பந்தை எதிரணி பறித்த விகிதம் லீக்கிலேயே அவருக்குத்தான் மிகக் குறைவு. காலால் மட்டும் 708 யார்டு ஓடினார், ஏழு டச்டவுன். அதையும் யாரை வைத்துக்கொண்டு செய்தார் என்று பாருங்கள். எறிந்த பந்தைப் பிடிக்க 72 மில்லியன் ஒப்பந்தத்தில் வந்த கென்னி கோலடே ஒன்றுக்கும் உதவவில்லை. ஸ்டெர்லிங் ஷெப்பர்ட் மூன்றாவது வாரமே காயம். கடாரியஸ் டோனியை நடுவிலேயே வேறு அணிக்கு அனுப்பிவிட்டார்கள். பஃபலோ அணி விடுவித்த ஐசேயா ஹாட்ஜின்ஸ்தான் சீசன் கடைசியில் முக்கிய ரிசீவர்.

2023 ஜனவரி 15, மின்னசோட்டாவில் பிளேஆஃப், அதாவது நாக்அவுட் ஆட்டம். அந்த ஆட்டத்தை நண்பர் வீட்டில் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். ஜோன்ஸ் 301 யார்டு எறிந்தார், 78 யார்டு ஓடினார். இடம் இருக்கிறது என்று தெரிந்ததும் யோசிக்காமல் ஓடினார். யோசிக்காதபோதுதான் அவர் நன்றாக ஆடுவார் என்று எனக்கு அன்று புரிந்தது. 31-24 என்று ஜெயித்தோம். அடுத்த வாரம் ஃபிலடெல்ஃபியாவில் 38-7 என்று அடிபட்டோம். அது வேறு கதை.

சரி, இப்போது கணக்கைப் பாருங்கள். ஜோன்ஸின் ஒப்பந்தம் முடிந்தது. ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்) சேக்வான் பார்க்லியின் ஒப்பந்தமும் முடிந்தது. அணியின் இரண்டு தூண்களும் ஒரே நேரத்தில் வாசலில் நிற்கிறார்கள். ஃபிராஞ்சைஸ் டேக் என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் ஒரு வீரரை ஒரு வருடத்துக்குப் போகவிடாமல் நிறுத்தலாம். ஆனால் ஒரு வருடத்தில் ஒருவருக்குத்தான் போட முடியும். குவாட்டர்பேக்குக்குப் போட்டால் 32.4 மில்லியன், ரன்னிங் பேக்குக்குப் போட்டால் சுமார் 10.1 மில்லியன். ஜோன்ஸுக்குப் போட்டால் பார்க்லி கை நழுவிப் போய்விடலாம். கெடு மார்ச் 7, மாலை நான்கு மணி. அதற்குச் சில நிமிடம் முன்னால்தான் ஜோன்ஸ் ஒப்பந்தம் முடிந்தது. முடிந்ததும் டேக் பார்க்லிக்குப் போனது.

முந்தின வருடம் 22.4 மில்லியனுக்குச் சரி என்று சொல்லியிருந்தால் இந்த அவசரமே வந்திருக்காது. ஜோன்ஸ் ஏற்கெனவே கையில் இருந்திருப்பார், டேக் பார்க்லிக்கு இருந்திருக்கும். நிர்வாகம் இன்னொரு சீசன் நிதானமாகப் பார்த்துவிட்டு முடிவு எடுத்திருக்கலாம். அந்த இன்னொரு சீசனில்தான் எல்லாம் கெட்டது என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஒப்பந்தத் தொகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 160 மில்லியன் என்பது தலைப்புச் செய்திக்கான எண். என்எஃப்எல் (இந்த லீக்கின் பெயர்) ஒப்பந்தங்களில் உத்தரவாதத் தொகையைத்தான் பார்க்க வேண்டும். இதில் அது 80 மில்லியனுக்குச் சற்று மேல், அதுவும் முதல் இரண்டு வருடத்துக்கு. இரண்டு வருடம் முடிந்ததும் அணி விலகிக்கொள்ள வழி வைத்துத்தான் எழுதியிருந்தார்கள். ஒரு வருடம் நன்றாக ஆடியவருக்கு இது அதிகம்தான், ஆனால் ஊரில் பேசுகிற அளவுக்குப் பைத்தியக்காரத்தனம் இல்லை.

பணம் கொடுத்த பிறகு அவரைக் காப்பாற்றாமல் விட்டதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. 2023 முதல் ஆட்டத்திலேயே டல்லஸிடம் 40-0. இடது பக்கம் காவல் நிற்கும் ஆண்ட்ரூ தாமஸுக்கு அன்றே தொடையில் காயம். அக்டோபர் 2, திங்கட்கிழமை இரவு, சியாட்டில் அணியுடன் ஆட்டம். நான் மைதானத்தில் மேல்தட்டில் இருந்தேன். அன்று ஜோன்ஸை மட்டும் பத்து முறை வீழ்த்தினார்கள். விழுவார், எழுவார், ஹெல்மெட்டைச் சரி செய்துகொள்வார், அடுத்த முயற்சிக்கு வந்து நிற்பார். பந்து அவர் கைக்கு வருவதும் எங்கள் காவல் வரிசை பிளந்துகொள்வதும் ஒரே நேரத்தில் நடந்தது. எதிரணிக் கோட்டுக்குச் சில யார்டு பக்கத்தில் இருக்கும்போது அவர் எறிந்த ஒரு பந்தை டெவன் விதர்ஸ்பூன் பறித்து, 97 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். எங்கள் வரிசையில் பாதிப் பேர் எழுந்து ரயிலுக்குப் போய்விட்டார்கள். அந்த எறிதல் ஜோன்ஸின் தவறு, சந்தேகமே இல்லை. ஆனால் அதற்குமுன் அத்தனை முறை தரையில் விழுந்த மனிதனின் கண் எங்கே இருக்கும்? அடுத்த வாரம் மயாமியில் மறுபடி கழுத்து. நவம்பர் 5-ஆம் தேதி லாஸ் வேகஸில் முழங்கால் தசைநார் கிழிந்தது. அந்த சீசனில் அணி மொத்தம் 85 சாக் (குவாட்டர்பேக்கைப் பந்தோடு வீழ்த்துவது) வாங்கியது. என்எஃப்எல் வரலாற்றிலேயே அதைவிட அதிகம் ஒரே ஒரு அணிதான் வாங்கியிருக்கிறது.

அப்புறம் பார்க்லி. 2024 வசந்தத்தில் அவரையும் விட்டுவிட்டார்கள். குவாட்டர்பேக்குக்கு 40 மில்லியன் கொடுப்பது, 12 மில்லியன் வாங்கும் ரன்னிங் பேக்கிடம் பந்தைக் கொடுப்பதற்காக இல்லை என்ற பொருளில் ஷேன் பேசியது அந்தக் கோடையில் தொலைக்காட்சியிலேயே வந்தது. பார்க்லி அதே பிரிவில் இருக்கும் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய் 2,005 யார்டு ஓடி, லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலும் வென்றார். ஜோன்ஸை நம்பி பார்க்லியை விட்டார்கள், எட்டு மாதத்தில் ஜோன்ஸையும் விட்டார்கள். இதை எப்படித் திட்டம் என்று சொல்வது?

இப்போது இரண்டாவது கேள்வி, உட்கார வைத்தது. 2024 நவம்பரில் ஜெர்மனியில் மியூனிக் நகரில் கரோலினாவிடம் கூடுதல் நேரத்தில் 20-17 என்று தோற்று, அணி 2-8 என்று நின்றது. ஆட்டத் திறனை மட்டும் பார்த்தால் மாற்றியது தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒப்பந்தத்தில் இன்னொரு வரி இருந்தது. ஜோன்ஸுக்குக் காயம் பட்டு அடுத்த மார்ச்சில் உடல்தகுதி இல்லாமல் போனால், 2025 சம்பளத்தில் 23 மில்லியன் கட்டாயம் கொடுத்தாக வேண்டும். களத்தில் இறக்கினால் அந்த 23 மில்லியனும் களத்தில் இறங்குகிறது. 2022-இல் லாஸ் வேகஸ் ரெய்டர்ஸில் குவாட்டர்பேக் டெரிக் காருக்கும் 2023-இல் டென்வரில் ரஸல் வில்சனுக்கும் இதே பின்னணியில்தான் கதவு சாத்தப்பட்டது. அதனால்தான் ஜயண்ட்ஸ் விஷயத்திலும் பணத்துக்குப் பெரிய பங்கு இருந்தது என்று நம்புகிறேன். குவாட்டர்பேக் வரிசையில் மூன்றாவது இடத்தில் இருந்த டாமி டெவிட்டோவை, இரண்டாவது இடத்தில் இருந்த ட்ரூ லாக்கைத் தாண்டி இறக்கினார்கள். அடுத்த ஆட்டத்தில் டாம்பா பே அணியிடம் 30-7.

அந்த வாரப் பயிற்சியில் ஜோன்ஸை என்ன செய்தார்கள் தெரியுமா? எதிரணி போல நடிக்கும் பயிற்சி அணியில் சேஃப்டி இடத்தில் நின்றார். அதாவது பந்து எறிகிறவர், பந்தைத் தடுக்கிறவர்களின் கடைசி வரிசையில். ஆறு வருடம் அணியின் முகமாக இருந்தவர், வேறு யாரும் செய்ய வேண்டிய வேலை எதுவோ அதைச் செய்தார். மறுநாள் லாக்கர் அறையில் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு நன்றி சொல்லிப் படித்தார். கேள்வி எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. யாரையும் குறை சொல்லவில்லை, இன்னும் நன்றாக ஆடியிருக்க வேண்டும் என்று தன்னைத்தான் சொல்லிக்கொண்டார். நவம்பர் 22 அன்று, அவரே கேட்டுக்கொண்டபடி விடுவித்தார்கள். அவர் போன பிறகும் 2025 சம்பள உச்சவரம்பில் (வீரர்களுக்கு அணி செலவிடக்கூடிய மொத்தத் தொகையில்) சுமார் 22 மில்லியன் அவர் பெயரில் பாரமாக உட்கார்ந்திருந்தது. கூட்டிக் கழித்தால், 2022-இல் வேண்டாம் என்று மிச்சம் பிடித்த தொகை கிட்டத்தட்ட அதுதான்.

கடைசியாக, ஏமாற்றினாரா என்பது. இதற்கு 2025-ஐப் பாருங்கள். இண்டியானபோலிஸ் கோல்ட்ஸ் ஒரு வருடத்துக்கு 14 மில்லியன் கொடுத்து எடுத்தது. அங்கே ஆந்தனி ரிச்சர்ட்ஸனுடன் போட்டியிட்டுத்தான் தொடக்க இடத்தைப் பிடித்தார். முதல் ஆட்டத்தில் மயாமிக்கு எதிராகப் பந்து கிடைத்த ஏழு முறையும் அணி புள்ளி எடுத்தது, 33-8. முன்னால் நல்ல வரிசை, பக்கத்தில் ஜானதன் டெய்லர் போன்ற ரன்னிங் பேக். அவருக்கு நியூயார்க்கில் 2022-இல் கிடைத்து பிறகு பறிக்கப்பட்டது இதுதான். அணி 8-2 என்று நின்றது. பிறகு இடது கால் எலும்பில் முறிவோடு ஆடினார். அடுத்த ஒப்பந்தம் கையில் இல்லாதவர், தன் விலையைக் காப்பாற்றிக்கொள்ள ஓரமாக உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. டிசம்பர் 7, ஜாக்சன்வில்லில், யாரும் மோதாமலே வலது காலின் குதிகால் தசைநார் அறுந்து விழுந்தார். அவர் இல்லாத அணி பிளேஆஃபுக்குப் போகவில்லை.

அந்த ஆட்டத்தையும் அதே நண்பர் வீட்டில்தான் பார்த்தேன். அவர் ஜோன்ஸை ஐந்து வருடம் திட்டியவர். ஜோன்ஸ் தரையிலிருந்து எழாததைப் பார்த்ததும் தொலைக்காட்சியின் சத்தத்தை மட்டும் குறைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.