ஸ்டிக்கை இடது பக்கம் சாய்த்தால் எது மேலே வரணும்? வீட்டில் கட்டும் விமானம்: கேள்வி பதில்

விமானப்படையில் ஏர்ஃப்ரேம், அதாவது விமான உடம்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான், இப்போது பாளையங்கோட்டையில் வாசம். வள்ளியூர்ப் பக்கம் இரண்டு பேர் தகரக் கொட்டகையில் ரெண்டு சீட்டு விமானம் கட்டுகிறார்கள், போன மாதம் அதற்குக் கண்ட்ரோல் ரிக்கிங் செய்ய உதவினேன், அதாவது விமானி பிடிக்கிற ஸ்டிக்கிலிருந்தும் மிதிக்கிற பெடலிலிருந்தும் இறக்கை, வால் வரைக்கும் கேபிள் கோத்துச் சரிபார்க்கிற வேலை. அதைச் சொன்னதிலிருந்து கேள்வி வந்து குவிகிறது. ஒவ்வொன்றாக வருகிறேன்.

வண்ணாரப்பேட்டை தம்பி: அண்ணாச்சி, கண்ட்ரோல் கேபிளுக்கு இங்கே ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற ஸ்டீல் ரோப் போதாதா? பார்க்க ஒரே மாதிரி இருக்கு.

போதாது தம்பி. விமானக் கேபிளில் ஏழு புரி, ஒவ்வொரு புரியிலும் 19 கம்பி. அரைக்கால் இன்ச் கனத்தில் கால்வனைஸ் செய்தது அறுவதற்குக் குறைந்தது 2000 பவுண்டு இழுவை வேண்டும், அதாவது 900 கிலோவுக்கு மேல். இத்தனை மெல்லிய கம்பியாகப் பிரித்திருப்பது புல்லியில் லட்சம் தடவை வளைந்து நிமிர்வதற்காகத்தான். கடை ரோப்பில் நடுவே நார் இருக்கலாம், கம்பி தடிமனாக இருக்கலாம், எத்தனை கிலோ தாங்கும் என்று கடைக்காரருக்கே தெரியாது. ஆட்டோ கிளட்ச் கேபிள் எங்கே பிய்கிறது என்று பார்த்திருப்பீர்கள்: இழுக்கிற இடத்தில் இல்லை, வளைகிற இடத்தில். ஆட்டோவை ஓரங்கட்டிவிடலாம், விமானத்தை முடியாது.

அம்பாசமுத்திரம் வாசகர்: கேபிள் முனையை மடக்கி ஸ்லீவ் வைத்து அமுக்குவதில் வரிசை ஏதும் உண்டா? யூ கிளாம்ப் போட்டால் என்ன?

யூ கிளாம்ப் பந்தல் போட. இங்கே வேண்டாம்.

கேபிள் மேல் அமுக்கிப் பிடிக்க வைக்கிற நிக்கோபிரஸ் செம்பு ஸ்லீவுக்கு வரிசை உண்டு. அரைக்கால் இன்ச் கேபிளுக்கு மூன்று அமுக்கு: முதலில் நடுவில், அடுத்து திம்பிள் (கேபிள் மடிப்புக்குள் வைக்கிற வளையம்) பக்கம், கடைசியில் வால் பக்கம். ஓரத்தில் ஆரம்பித்தால் ஸ்லீவ் ஒரு பக்கமாக ஊர்ந்து திம்பிள் ஆடும். அமுக்கியதும் கேஜ் வைத்துப் பாருங்கள், கேஜின் வாய்க்குள் ஸ்லீவ் நுழையாவிட்டால் அமுக்கு பற்றவில்லை என்று அர்த்தம். ஸ்டெயின்லெஸ் கேபிள் என்றால் வெறும் செம்பு கூடாது, முலாம் பூசிய ஸ்லீவ் வாங்குங்கள். வள்ளியூர்த் தம்பிகளிடம் முதலில் ஒரு துண்டு கேபிளில் இரண்டு பக்கமும் முனை போடச் சொல்லி, அறுபடும் பலத்தில் 60 சதவீதம் வரைக்கும் இழுத்து மூன்று நிமிடம் தொங்கவிட்டோம். நழுவவில்லை. அப்புறம்தான் நிஜ கேபிளைத் தொட்டோம்.

பாளை கல்லூரி மாணவி: காலையில் கேபிள் இறுக்கம் அளக்கிற டென்ஷன் மீட்டர் வைத்துச் சரியாக முறுக்கினோம், மத்தியானம் பார்த்தால் கூடுதலாகக் காட்டுகிறது. மீட்டர் கோளாறா, அண்ணாச்சி?

மீட்டர் சரிதான் தங்கச்சி, வெயில்தான் காரணம். உங்களுடையது அலுமினிய உடம்பு என்று எழுதியிருக்கிறீர்கள். நாலு மீட்டர் அலுமினியம் 20 டிகிரி சூடேறினால் 1.8 மில்லிமீட்டர் நீள்கிறது, அதே நீள ஸ்டீல் கேபிள் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் நீள்கிறது. உடம்பு நீள, கேபிள் நீளாமல் நிற்க, முறுக்கு ஏறிவிடுகிறது. விடியற்காலையில் அதுவே தளரும். நம்மூர் மே மாதத்தில் தகரக் கூரைக்குக் கீழே உச்சி வெயிலில் முறுக்கிவிட்டு வந்தீர்கள் என்றால், மார்கழிக் காலையில் கேபிள் தொய்ந்து கிடக்கும். அதனால் வெப்பநிலை எவ்வளவு இருக்கும்போது எத்தனை பவுண்டு என்று வரைபடத்தில் இருக்கும் அட்டவணையைப் பாருங்கள், விமானம் நிழலில் சில மணி நேரம் நின்ற பிறகு அளந்து பாருங்கள், பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர் தொங்கட்டும். ஸ்டீல் குழாயில் வெல்டிங் செய்த உடம்பு என்றால் இந்தத் தொல்லை ரொம்பக் குறைவு, இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு நீளும்.

கேபிள் தொய்யக் கூடாது என்று இறுக்கித் தள்ளுவதும் தப்பு. புல்லி பேரிங் தேயும், ஸ்டிக் கனக்கும், நடுவில் விட்டால் நடுவில் நிற்காது.

தென்காசி வாசகர்: புல்லியைச் சுற்றி ஒரு சின்னத் தகடு போடச் சொல்லியிருக்கிறார்கள். எடை கூடுகிறதே, விட்டுவிடலாமா?

உங்கள் வீட்டுக் கிணற்றில் உருளை உண்டா? வாளி இல்லாமல் கயிறு தொய்ந்தால் பள்ளத்தை விட்டுக் குதித்து, உருளைக்கும் கட்டைக்கும் நடுவில் போய் மாட்டிக்கொள்ளும், அப்புறம் எவ்வளவு இழுத்தாலும் வராது. அந்தத் தகடு அதைத் தடுக்கத்தான். கட்டாயம் போடுங்கள். கேபிள் திரும்புகிற இடமெல்லாம் புல்லி வேண்டும், கேபிள் உரசாமல் வழிகாட்ட வைக்கிற வெறும் ஃபேர்லீட் துளை வழியாகத் திருப்புவது மூன்று டிகிரிக்கு மேல் கூடாது, அதற்கு மேல் போனால் அறுக்கும்.

மேலப்பாளையம் வாசகர்: இறக்கையின் பின் ஓரத்தில் அசைகிற ஐலரான் மேலே போகிற அளவும் கீழே வருகிற அளவும் சமமாக இல்லை. நான் தப்பாகக் கட்டிவிட்டேனா?

வரைபடத்தைப் பாருங்கள் பாய், வேண்டும் என்றே அப்படி வைத்திருப்பார்கள். கீழே இறங்குகிற ஐலரான் அந்த இறக்கையைத் தூக்கும்போதே பின்னாலும் இழுக்கும், மூக்கு திரும்ப வேண்டிய பக்கத்துக்கு எதிரே போகும். அதைக் குறைக்கத்தான் மேலே அதிகம், கீழே கம்மி. இழுப்பின் திசையை மாற்றுகிற நெம்புகோலான பெல்கிராங்கைச் சாய்த்துப் பொருத்தினால் இந்த வித்தியாசம் வந்துவிடும். விமானத்தை மட்டம் பார்த்து நிறுத்தி, ஸ்டிக்கை நடுவில் பூட்டி, டிஜிட்டல் லெவலை ஐலரான் மேல் வைத்து அங்கே பூஜ்ஜியம் ஆக்கிக்கொண்டு அளந்து பாருங்கள். கண்மட்டம் வேண்டாம்.

நாங்குநேரி வாசகர்: எல்லாம் கட்டி முடித்து ஸ்டிக் லகுவாக ஓடுகிறது. இனி என்ன பார்க்க வேண்டும்?

இதற்காகத்தான் இத்தனை நேரம் காத்திருந்தேன்.

லகுவாக ஓடுவது வேறு, சரியான பக்கம் ஓடுவது வேறு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு இடத்தில் சீட்டுக்குப் பின்னால் குறுக்கே போகிற இரண்டு கேபிளை மாற்றிக் கோத்துவிட்டேன். நானே உள்ளே உட்கார்ந்து ஸ்டிக்கை ஆட்டினேன், வெண்ணெய் மாதிரி போச்சு, வெளியே நின்ற பையன் “வருது, வருது” என்றான். வரத்தான் செய்தது, எதிர்ப் பக்கமாக. டீ குடித்துவிட்டு வந்த சீனியர் ஒருவர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டி “இது எங்கே பார்க்குது, அது எங்கே பார்க்குது?” என்று கேட்டபோதுதான் எனக்கு வியர்த்தது.

அந்தக் கட்டை விரல் பாடம்: ஸ்டிக்கைப் பிடித்து விரலை மேலே நீட்டிக்கொள்ளுங்கள். இடது பக்கம் சாய்த்தால் விரல் இடது இறக்கையைக் காட்டும், அந்த இறக்கையின் ஐலரான்தான் மேலே வர வேண்டும். ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தால் வாலில் படுத்திருக்கிற எலிவேட்டர் மேலே. இடது பெடலை மிதித்தால் வாலில் நிமிர்ந்து நிற்கிற ருடர் இடது. வெளியே நிற்பவர் “சரி” என்று சொல்லக் கூடாது, பார்த்ததைச் சொல்ல வேண்டும்: “இடது மேலே, வலது கீழே.” அவர் அந்த வேலையில் கை வைக்காதவராக இருக்கட்டும். கட்டியவன் கண்ணுக்குத் தான் கட்டியது சரியாகத்தான் தெரியும்.

போர்ச்சுகலில் 2018 நவம்பரில், பராமரிப்பு முடிந்து கிளம்பிய பெரிய ஜெட் விமானத்திலேயே ஐலரான் கேபிள் மாறியிருந்தது. உள்ளே இருந்த ஆறு பேரும் பிழைத்தார்கள், மூன்றாவது முயற்சியில்தான் தரையிறங்க முடிந்தது. அத்தனை பேர் கையெழுத்துப் போடுகிற இடத்திலேயே அப்படி. முடிந்தால் இரண்டு கேபிளின் முனைகளையும் வேறு வேறு அளவில் வையுங்கள், மாற்றி மாட்டவே முடியாது.

பணகுடி வாசகர்: இங்கே ஆனி ஆடிக் காற்று தெரியும்தானே, நிறுத்தி வைத்த விமானத்தில் ருடர் படபடவென்று அடிக்கிறது.

தெரியாமலா! காற்றாடியெல்லாம் அங்கேதானே நட்டு வைத்திருக்கிறார்கள். ருடர், ஐலரான் எல்லாம் அசையாமல் பிடிக்கிற பூட்டு போடுங்கள், இல்லாவிட்டால் கீல், ஸ்டாப் எல்லாம் நசுங்கும். ஆனால் பூட்டைப் போட்டுக்கொண்டு சீட்டில் உட்காரவே முடியாதபடி செய்யுங்கள், கூடவே முழ நீளத்துக்குச் சிவப்புத் துணியும் தொங்கட்டும். 1935 அக்டோபரில் அமெரிக்காவில் போயிங்கின் புதுக் குண்டுவீச்சு விமானம் பூட்டை எடுக்க மறந்து கிளம்பி விழுந்தது. விமானிகள் கையில் செக்லிஸ்ட் வந்ததே அதற்கப்புறம்தான்.

உவரி வாசகர்: கடல் காற்று. துரு பயமாக இருக்கிறது.

ஸ்டெயின்லெஸ் போடுங்கள், அரைக்கால் இன்ச்சில் பலம் 1760 பவுண்டாகக் குறையும், வரைபடம் அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டு. எதுவானாலும் மாதம் ஒரு முறை பழைய வேட்டித் துணியைக் கேபிளில் சுற்றி முழு நீளத்துக்கும் ஓட்டுங்கள், அறுந்த கம்பி இருந்தால் நூலைப் பிடித்து இழுக்கும். வெறுங்கையால் தடவாதீர்கள், ரத்தம் வரும். புல்லி மேல் படுகிற பகுதியை ஸ்டிக்கை ஓரத்துக்குத் தள்ளி வெளியே கொண்டுவந்து பாருங்கள், அங்கேதான் பிய்யும்.

சங்கரன்கோவில் வாசகர்: ஐலரானுக்குக் கோயில் தேர் மாதிரி அஞ்சு கலர் அடிக்கலாமா? அப்புறம் நைலாக் நட் எல்லா இடத்திலும் போடலாமா?

அடிக்கலாம், ஆனால் பெயின்ட் எடை கீலுக்குப் பின்னால் ஏறுகிறது. அடித்த பிறகு பேலன்ஸ் மறுபடி பார்க்காவிட்டால் வேகத்தில் ஐலரான் நடுங்க ஆரம்பிக்கும், ஆரம்பித்தால் சில நொடிதான். நைலாக், அதாவது உள்ளே நைலான் வளையம் பிடிக்கிற நட், போல்ட் சுழலுகிற இடத்தில் ஆகாது. அங்கே தலையில் பள்ளம் வெட்டிய கேசில் நட், அதில் செருகி மடக்குகிற காட்டர் பின். ராடு எண்ட் (ராடின் முனையில் குண்டு வைத்த மூட்டு) இருக்கிற இடத்தில் பெரிய வாஷர் ஒன்று, குண்டு கழன்றாலும் ராடு வெளியே வராது.

கயத்தாறு தம்பி: பழைய ஓடுதளத்தில் கொண்டுபோய் லேசாக ஒரு எட்டு பறந்து பார்க்கலாமா?

கூடாது. விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான டிஜிசிஏவின் பதிவும் அனுமதியும் இல்லாமல் சக்கரம் தரையை விட்டு எழும்பக் கூடாது.

வீரவநல்லூர் வாசகர்: கேபிளை இறுக்கித் தளர்த்துகிற டர்ன்பக்கிளில் மரை எவ்வளவு வெளியே தெரியலாம்? ஒரு நாள் வந்து பார்ப்பீர்களா அண்ணாச்சி?

அதன் நடு உருளையான பேரலின் இரண்டு பக்கமும் மூன்று மரைக்கு மேல் வெளியே தெரியக் கூடாது. அதற்கு மேல் தெரிந்தால் கேபிள் நீளம் தப்பு, வெட்டிப் புதிதாகப் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். நான் வந்து கட்டை விரலை நீட்டிப் பார்க்கிற வரைக்கும், டர்ன்பக்கிள் தானாகச் சுழலாமல் கட்டுகிற லாக் வயர் முறுக்காதீர்கள், முறுக்கியதைப் பிரிக்கச் சொன்னால் யாருக்கும் மனசு வராது.